கார் குடித்த தண்ணீர்

அந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு வறளும், கூடவே கோபமும் வரும். அறுபதுகளின் கடைசி. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. விருத்தாசலத்தில் மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடந்தது. தெருக்குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வரும். ஊர்ப் பெண்கள் எல்லாம் ஆற்று மணலில் ஊற்று தோண்டி, அதன் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட வெயிலில், வாரம் தவறாமல், புத்தியுள்ளவர்கள் யாராவது காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார்களா? நாங்கள் சுற்றினோம். அண்ணனுக்குப் பெண் பார்க்கத்தான்.

அண்ணன் மட்டும் எங்களோடு வரமாட்டான். முதல் தடவையே மாப்பிள்ளை போய் நின்றால் மதிப்பு போய்விடுமாம். பீங்கான் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை பார்க்கிறவன், வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு, தூங்கட்டும் என்று அம்மா விட்டுவிடுவாள். கல்யாணம் அவனுக்கு, வெயில் எனக்கு. அம்மாவால் காரில் ஏறி இறங்க முடியாது, முழங்கால் மடங்காது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஒரு பொம்பளை இல்லாமல் முடியுமா? ஆகவே என்னைக் கூட்டிப்போனார்கள்.

எனக்கும் ஒரு அவசரம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கடலூரில் டீச்சர் டிரெயினிங்குக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆடி மாசம் வகுப்பு ஆரம்பம். ஆனால் நான் போய்விட்டால் வீட்டுக்குத் தண்ணீர் யார் கொண்டுவருவது? பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அது என் வேலை. அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"வூட்டுக்கு ஒருத்தி வரட்டும். குடத்த அவ கையில குடுத்துட்டு நீ கெளம்பு. நான் வேணான்னு சொல்லல."

ஆடியில் கல்யாணம் செய்யமாட்டார்கள். ஆனிக்குள் முடிந்தாக வேண்டும். முடியவில்லையென்றால் கடலூரில் என் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். அண்ணன் கல்யாணத்துக்கு அவனைவிட நான்தான் பறந்தேன்.

விடிவதற்கு முன்னால் ஆற்றுக்குப் போய்விட வேண்டும். ஊற்றில் நீர் சுரக்கச் சுரக்கக் கொட்டாங்குச்சியால் மொண்டு ஊற்றி ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. வீட்டுக்குள் நுழையும் நடை குறுகல். நான் குடத்தோடு நுழைகிற நேரம்தான் அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவான். இருவரும் ஒன்றாக அதற்குள் போக முடியாது. அவன் மணியடிப்பான். வேலைக்கு நேரமாகிறதே என்று நான் வெளியே ஒதுங்கி நிற்பேன். இப்படி எல்லாமும் சேர்ந்துதான் என்னை அந்தக் காரில் ஏற்றியது.

கார் என் மாமாவுடையது, அம்மாவின் தம்பி. எவரோ ஓட்டித் தேய்த்த ஒரு கறுப்புக் காரை வாங்கி வைத்துக்கொண்டு, அதை ஓட்ட ஒரு சாக்கு கிடைக்குமா என்று அலைகிற மனுஷர். அவருக்குப் பெண்ணும் முக்கியமில்லை, சம்பந்தமும் முக்கியமில்லை. வேப்பூரில் ஒரு டீக்கடை, திட்டக்குடியில் ஒரு வடை, பெண்ணாடத்தில் கோயில் கோபுரம், இதெல்லாம்தான் முக்கியம். வறண்டு கிடக்கிற வெள்ளாற்றைப் பாலத்து மேலே காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பார். "பாத்துக்க பாப்பா, எம்மாம் பெரிய ஆறு" என்பார். மணலில் மாடு மேய்வதற்குக்கூட ஒன்றும் இல்லை. எனக்கு வாயில் எச்சில் ஊறாமல் தொண்டை ஒட்டிக்கொண்டிருக்கும், அவர் ஆற்றின் அகலத்தை அளந்துகொண்டிருப்பார்.

அப்பா, மாமா, நான். மொத்தம் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்று அப்பா முதல் வாரமே முட்டுக்கட்டை போட்டார். நாலாவதாக யாரைக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றார்கள், அந்த வெயிலில் யார் வருவார்கள்? மாமா உள்ளே போய், கம்பெனியில் கழித்துப்போட்டதென்று அண்ணன் கொண்டுவந்து வைத்திருந்த பீங்கான் பொம்மை ஒன்றை எடுத்துவந்தார். சூளையில் மூக்கு கோணிப்போன செட்டியார் பொம்மை.

"நாலு பேரு ஆச்சு, ஏறுங்க மச்சான்" என்றார்.

அதிலிருந்து அந்தச் செட்டியார் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் என் மடியில்தான் பயணம் செய்தார். குண்டு குழியில் கார் விழும்போதெல்லாம் அவர் கோண மூக்கு என் கையைக் குத்தும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவின் சட்டங்களைத்தான் தாங்க முடியாது. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் அதைச் சாப்பாட்டுக்குத்தான் பார்ப்பார்கள். காபி, பலகாரம், தண்ணீர் இதெல்லாம் கணக்கில் வராது. என் அப்பாவுக்கு மட்டும் தண்ணீரும் கணக்கு. ஒரு மடக்குக் குடித்தாலும் பெண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. "குடிச்சிட்டு வேணான்னு சொன்னா அந்தப் பொண்ணுக்கு எம்மாம் கேவலம்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடு மத்தியானம் ஓட்டு வீட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணெதிரே சொம்பில் தண்ணீர் வைத்திருக்கிறபோது நியாயம் ஒன்றும் தெரியாது. நாங்கள் எடுத்துப்போகிற கூஜாவை மாமா பெண்ணாடம் தாண்டுவதற்குள் காலி செய்திருப்பார். காருக்கென்று ஒரு தகர டின்னில் தண்ணீர் இருக்கும், அதில் துரு மிதக்கும். அந்த டின் தண்ணீரையும் ஆற்றிலிருந்து சுமந்தவள் நான்தான்.

அடுத்த சட்டம் கிணறு. அப்பா பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார். கிணற்றில் தண்ணீர் இல்லாத வீட்டில் பெண் எடுத்தால், நாளைக்கு அவர்கள் கஷ்டமெல்லாம் நம் வாசலுக்கு வருமாம். எந்த ஊர்க் கிணற்றில் அப்போது தண்ணீர் இருந்தது? வேப்பூர்ப் பக்கம் ஒரு பெண், லட்சணமாக இருந்தாள், கிணறு சரியில்லை. திட்டக்குடியில் ஒரு பெண், எட்டாவது படித்தவள், கிணற்றில் சேறு. ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் பெரியப்பா பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"பொண்ணப் பாக்க வந்தீங்களா, கெணத்தப் பாக்க வந்தீங்களா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு சேதி சொல்லி அனுப்புறோம்" என்றார். சேதி சொல்லி அனுப்புறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். வாசலில் நிற்கிற பெண்களின் முகம் அதைக் கேட்டதும் எப்படிச் சுருங்கும் என்பதை அப்பா பார்த்ததில்லை. பின் சீட்டில் இருந்த நான் பார்த்தேன்.

வைகாசி முடியப் போகிறது. கடைசியாக, திட்டக்குடியைத் தாண்டி இருக்கிற எங்கள் பக்கத்து மங்களூருக்குக் கிட்டே ஒரு ஊர். இதுவும் அமையவில்லையென்றால் தை மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று முந்தின நாளே அப்பா சொல்லிவிட்டார். தை மாசம்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் செட்டியார் மூக்கை நெரித்துக்கொண்டே போனேன்.

போகிற வழியெல்லாம் பருத்திச் செடிகள் காய்ந்து விறகாகக் குத்திட்டு நின்றன. ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் மாமா காரை நிறுத்தி இறங்கினார். பின்னால் ஏதோ களக் களக்கென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், டின் தண்ணீரை ஊற்றிக் காரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, இன்னாத்துக்கு மாமா?"

"புழுதியோட போயி நின்னா மாப்பிள்ள வூட்டுக்காரங்கன்னு எவன் மதிப்பான்? பள பளன்னு போவணும் பாப்பா."

ஆற்றில் நான் குந்திக் குந்தி மொண்ட தண்ணீர் புளியமரத்து வேருக்குப் போய்ச் சேர்ந்தது. என்னத்தைச் சொல்ல.

அந்த வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்காமல் காய்ந்த தரையிலேயே கோலம் போட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா பருத்தி போடுகிற சம்சாரி. ஒடிசலான ஆள், ஆனால் நிமிர்ந்து பேசுகிறவர். அவர் மனைவி மூன்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா, "இருக்கட்டுங்க, தாகமில்ல" என்றார். மாமா உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். அந்த அம்மா மூன்று சொம்பையும் எடுத்துப் போய், ஒரு சொட்டுச் சிந்தாமல் மறுபடி குடத்திலேயே ஊற்றியதை நான் கதவு வழியாகப் பார்த்தேன்.

பெண்ணோடு பேச என்னை உள்ளே அனுப்பினார்கள். கறுப்பாக, உயரமாக, கண்ணை நேராகப் பார்த்துப் பேசுகிற பெண். என் வயசுதான் இருக்கும். என் கையில் பொம்மையைப் பார்த்து, "இது யாருங்க?" என்று கேட்டாள்.

"நாலாவது ஆளு. மூணு பேரா வரக் கூடாதாம்."

அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மூக்கு கோணலா இருக்குது. மாப்பிள்ள ஜாடைங்களா?"

எத்தனை வாரத்துக்குப் பிறகோ நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒன்னு கேக்கணும். உங்க வூட்டுல தண்ணிக்கு எம்மாந்தூரம் போவணும்?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆத்துக்குப் போவணும். அர மைலு இருக்கும். இப்ப நான் தூக்குறேன். நான் டிரெயினிங் போவணும், அதனாலதான் அவசரமா பொண்ணு தேடுறாங்க. நீங்க வந்தா நீங்கதான் தூக்கணும்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இங்க ரெண்டு மைலு" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "உங்க அண்ணனுக்குக் கை காலெல்லாம் நல்லா இருக்குதில்ல?"

எனக்குச் சுருக்கென்றது. நொண்டியோ முடமோ என்று நினைத்துவிட்டாளா? "அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தெனம் கம்பெனிக்கு சைக்கிள்ல போயிட்டு வருது" என்றேன்.

"அப்ப சரி" என்றாள்.

நான் வெளியே வருவதற்கும் அப்பா கொல்லையிலிருந்து திரும்புவதற்கும் சரியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லாதது மட்டுமில்லை, படி வழியாக இறங்கிப்போன ஆடு ஒன்று அடியில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அப்பா துண்டை உதறினார். "போயிட்டு சேதி சொல்லி அனுப்புறோம்" என்றார். என் கடலூர் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

காரில் ஏறினோம். மாமா ஸ்டார்ட் செய்தார். இருமியது, குதித்தது, முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மாமா இறங்கிப் பானட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் சுத்தமாக வறண்டு கொதித்துக்கொண்டிருந்தது. டின் காலி. அப்பா மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதிலேயே தண்ணீர் கொதித்திருக்கும்.

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன செய்வதென்று மாமா கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, அந்தப் பெண் இடுப்பில் குடத்தோடு படியிறங்கி வந்தாள். அவள் அப்பா தலையசைத்தார். மாமா வாங்கி ஊற்றினார். கார் மடக் மடக்கென்று குடித்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தது. இரண்டு மைல் நடந்து கொண்டுவந்த தண்ணீர். எனக்கு அந்தக் காரை ஓங்கி ஒரு உதை விடலாம் போலிருந்தது.

அப்பா, "ரொம்ப உபகாரம்" என்று கும்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். பெண்ணின் அப்பா அசையாமல் காருக்கு முன்னால் நின்றார்.

"அப்புறம் எப்ப தட்டு மாத்திக்கலாங்க, சம்பந்தி?"

"சம்பந்தியா?"

"எங்க வூட்டுல கை நனைச்சிட்டீங்களே."

"நான் எங்கய்யா நனைச்சேன்? ஒரு பொட்டுத் தண்ணி தொடலியே."

"நீங்க தொடல. காரு குடிச்சிச்சே."

அப்பா சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அங்கே நின்றவர்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள். கார் கை நனைத்தால் கணக்கா இல்லையா? முண்டாசு கட்டிய ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

"காரு யாருதுங்க?"

"என்னுதுதான்" என்றார் மாமா.

"நீங்க மாப்பிள்ளைக்கு என்னா வேணும்?"

"தாய்மாமன்."

"தாய்மாமன் காரு. அப்புறம் என்னா? தாய்மாமனவிட ஒசந்த மொற எது? தாய்மாமன் கை நனைச்சா மாப்பிள்ளையே நனைச்ச மாதிரி."

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் காருக்கு இவ்வளவு மரியாதை எந்த ஊரிலும் கிடைத்ததில்லை. "ஞாயந்தான் மச்சான்" என்றார். அப்பா, "வாய மூடுறியா" என்று பல்லைக் கடித்தார். "இதென்னா பேச்சு, இரும்புக்கு ஏதுய்யா கை" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சரிங்க, ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம்" என்றார் பெண்ணின் அப்பா. "ஊத்துன தண்ணிய எறக்கிக் குடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு ராத்திரிக்கு உலை வைக்க அதான் இருந்திச்சு."

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் அப்பாவை அடித்தது. தண்ணீரை இறக்கினால் கார் நகராது, இறக்காமல் கிளம்பினால் மானம் போகும். அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் ஏதாவது சமாதானம் சொல்லி, சேதி சொல்லி அனுப்புறோம் என்று மறுபடியும் ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும். செட்டியாரை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

"எனக்கும் ஒரு சொம்பு தண்ணி இருக்குமா?" என்று அவளைக் கேட்டேன்.

"பாப்பா" என்றார் அப்பா.

அவள் உள்ளே போய் அரைச் சொம்பு கொண்டுவந்தாள். அவ்வளவுதான் மிச்சம் இருந்திருக்கும். ஊர் பார்க்க, அப்பா பார்க்க, அண்ணாந்து குடித்தேன். உப்புக் கரித்தது. அவ்வளவு ருசியான தண்ணீரை நான் அதற்குமுன் குடித்ததில்லை. பொம்மையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அப்பா வழி நெடுகப் பேசவில்லை. பெண்ணாடம் வந்ததும் மட்டும், "கெணத்துல ஆடு மேயுது" என்றார். ஆனால் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு வேண்டாமென்று சொல்கிற ஆள் அவர் இல்லை. அடுத்த வாரம் அண்ணன் போய்ப் பார்த்து, எனக்குச் சம்மதம் என்றான். ஆனியில் கல்யாணம். ஆடியில் நான் கடலூருக்கு ரயில் ஏறினேன். கிளம்பும் அன்று குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அங்கே போயும், விடியற்காலையில் விழிப்பு வரும்போதெல்லாம், இந்நேரம் அவள் ஊற்றுப் பக்கத்தில் குந்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன்.

புரட்டாசியில் பூஜை லீவு விட்டார்கள். மழை இன்னும் வரவில்லை. ஜங்ஷனில் காலை வண்டியில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் தெரு முனையில், ஆற்றுப் பக்கமிருந்து அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் கேரியரில் குறுக்காக ஒரு பலகை, பலகையின் இரு பக்கமும் கயிற்றில் கட்டிய பித்தளைக் குடங்கள், வாயில் துணி. எங்கள் குடங்கள்தான்.

"அண்ணிக்கு ஒடம்பு சரியில்லயா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குறா. ஏன்?"

"நீ தண்ணி கொண்டாற?"

"அவதான் சொன்னா. நீ ஊருக்குப் போன மறுநாளே சொல்லிட்டா, சைக்கிளு சும்மாதான நிக்குது, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு நடை போயிட்டு வந்துடுங்கன்னு. ஊத்துல அவ மொண்டு வெக்கிறா, நான் கட்டியாந்துடுறேன். சுளுவாத்தான் இருக்குது."

கை காலெல்லாம் நல்லா இருக்குதில்ல என்று அவள் எதற்குக் கேட்டாள் என்பது நடுத்தெருவில் அப்போதுதான் புரிந்தது.

"நான் இத்தினி வருஷம் தூக்குனேனே" என்றேன்.

அவன் உண்மையாகவே யோசித்தான். பாவம், அவனிடம் கள்ளம் கபடம் கிடையாது. "நீ கேக்கவேயில்லயே" என்றான்.

சொல்லிவிட்டு முன்னால் போனான். வேப்பூர், திட்டக்குடி, பெண்ணாடம், மங்களூர் என்று வெயிலில் நான் அலைந்ததெல்லாம் கண்ணுக்குள் வந்து போயிற்று. அவன் பொய் சொல்லவில்லை, நான் கேட்டதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறாதது அதுவல்ல. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம், கழுத்து விண்ணென்று தெறிக்க, தினமும் அந்த நடை வாசலில் ஒதுங்கி நின்று, அவனுடைய வெறும் சைக்கிளுக்கு வழி விட்டவள் நான்தானே.